இசைத்தட்டில் எஞ்சிய வாழ்வு: சார்ளி கிறிஸ்டியன்

ஓவியன் மறைந்தாலும் அவன் தீட்டிய சித்திரம் சுவரிலே நிற்கின்றது. புலவன் மறைந்தாலும் அவன் பாட்டு ஏட்டிலே நிற்கின்றது. இசைக் கலைஞனின் நிலையோ வேறு. அவன் எழுப்பும் ஒலி காற்றிலே பிறந்து, கேட்போர் செவியிலே ஒரு கணம் தங்கி, மீண்டும் காற்றிலேயே கலந்துவிடுகின்றது. ஒலிப்பதிவுக் கருவி தோன்றிய பின்னரே இந்நிலை மாறிற்று. ஆயினும் அக்கருவி எதனைப் பிடித்து வைத்தது, எதனை நழுவ விட்டது என்னும் வினா இன்றும் எஞ்சியே நிற்கின்றது. சார்ளி கிறிஸ்டியன் என்னும் அமெரிக்கக் கிற்றார்க் கலைஞரின் வரலாறு அவ்வினாவுக்குத் தெளிவான விடை கூறும் வரலாறாகும்.

அவர் வாழ்ந்தது இருபத்தைந்து ஆண்டுகளே. பெருமக்கள் கூட்டம் அவரைக் கேட்டு அறிந்தது ஏறத்தாழ இருபத்திரண்டு மாதங்களே. எனினும், ஜாஸ் இசையிலே மின்சாரக் கிற்றாரின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் அவரைத் தொடாமல் மேலே செல்ல இயலாது.

1916ஆம் ஆண்டு யூலை மாதம் 29ஆம் நாள், ரெக்சாஸ் மாநிலத்தின் பொன்ஹாம் என்னும் சிற்றூரிலே சார்ளி பிறந்தார். அவர் குழந்தையாயிருந்தபோதே குடும்பம் அயல் மாநிலத்தின் ஒக்லஹோமா நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் கண்பார்வையை இழந்தவர். இசையைக் கொண்டே பிழைத்தவர். எட்வேர்ட், கிளாரன்ஸ், சார்ளி என்னும் மூன்று புதல்வரும் தந்தையாரின் கைபிடித்து, வெள்ளையர் வாழ்ந்த செல்வத் தெருக்களுக்கு அவரை அழைத்துச் செல்வர். வீட்டு வாயில்களிலே நின்று நால்வரும் இசைப்பர். உள்ளிருப்போர் கொடுப்பதே அக்குடும்பத்தின் வருவாய்.

இந்த இளமைக் காலத்தைப் பற்றி நாம் அறிவன பலவும் ரால்ஃப் எலிசன் எழுதிய கட்டுரையால் அறிவனவாகும். எலிசனும் அதே நகரிலே, அதே கறுப்பின மக்களின் பாடசாலையிலே பயின்றவர். 1952ஆம் ஆண்டிலே வெளியான நாவலொன்றினால் அமெரிக்க இலக்கியத்திலே பெரும்பெயர் பெற்றவர். பாடசாலையின் கைவேலை வகுப்பிலே சார்ளி சுருட்டுப் பெட்டிகளைக் கொண்டு கிற்றார் செய்து வாசித்தார் என்றும், அதனைக் கண்டு மாணவர் வியந்தனர் என்றும் எலிசன் எழுதியுள்ளார். காசு கொடுத்து வாங்க இயலாத ஒன்றைக் கையினால் ஆக்கிக்கொள்ளும் அந்த ஊக்கம் கிறிஸ்டியனின் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

அக்காலத்து ஒக்லஹோமாவிலே நிறவேற்றுமை சட்டமாகவே நிலவிற்று. கறுப்பின மக்கள் வாழ்ந்த இரண்டாம் தெருவை நடுவாகக் கொண்ட பகுதியை மக்கள் டீப் டியூஸ் என்று அழைத்தனர். வெளியுலகம் கதவடைத்திருந்தபோதிலும், அத்தெருவின் நடனசாலைகளிலே இசை செழித்தோங்கிற்று. ஊர் ஊராகச் செல்லும் இசைக்குழுக்கள் அங்கே தங்கிச் சென்றன. அவ்வாறு வந்தவருள் ஒருவர் லெஸ்டர் யங். அவருடைய சக்ஸபோன் இசை முழக்கமின்றி, மென்மையாய், நீண்ட வாக்கியம் பேசுவதுபோல் ஓடிச் செல்லும் இயல்புடையது. அந்த ஓட்டம் கிறிஸ்டியனின் உள்ளத்திலே ஆழப் பதிந்தது. கிற்றாரிலும் அவ்வாறு பேச இயலுமா என்பதே அவருடைய தேடலாயிற்று.

ஆனால் அங்கே ஒரு தடை இருந்தது. அக்காலத்து நடன இசைக்குழுவிலே எக்காளங்களும் சக்ஸபோன்களும் முழங்கும்; அவற்றுக்குக் கீழே முரசு அதிரும். கிற்றாரோ மெலிந்த குரலுடைய கருவி. ஆகவே அதனை வாசிப்போர் தாளத்துக்கு இணங்க நரம்புகளை ஒருங்கே மீட்டிக் குழுவைத் தாங்கி நிற்பதோடு அமைந்தனர். எடி லாங், லொனி ஜோன்சன் போன்ற சிலர் தனி நரம்பு வாசிப்பிலே திறமை காட்டினர் என்பது உண்மையே. ஆயினும், அவர்களுடைய வாசிப்புத் துலங்குவதற்குச் சிறிய குழுவும் அமைதியான இடமும் வேண்டியிருந்தன. பெருங்குழுவின் நடுவே கிற்றார்க் கலைஞர் ஒருவர் எழுந்து தம் கற்பனையைச் சொல்ல முயன்றால், அரங்கின் முன்வரிசையிலும் அது கேட்பது அரிதாயிருந்தது.

இத்தடையை நீக்கியது மின்சாரம். கிற்றாரின் நரம்புகளுக்குக் கீழே காந்தமும் கம்பிச்சுருளும் பொருத்தப்பட்டன. உருக்கு நரம்பு அதிரும்போது காந்தப்புலம் கலைகின்றது; கம்பிச்சுருளிலே மெல்லிய மின்னோட்டம் பிறக்கின்றது; ஒலிபெருக்கி அதனைப் பெரிதாக்கி அரங்கெங்கும் கேட்கச் செய்கின்றது. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரிலே இயங்கிய கிப்சன் நிறுவனம் 1936ஆம் ஆண்டிலே இவ்வகைக் கிற்றார் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கிறிஸ்டியனின் பெயரோடு பிரிக்க இயலாதபடி இணைந்த கருவி அதுவே. அதிலிருந்த ஒலிவாங்கும் காந்தத்தையே பிற்காலத்தார் கிறிஸ்டியனின் பெயரால் அழைக்கலாயினர்.

மின்சாரக் கிற்றாரை வாசித்து இசைத்தட்டிலே பதிவு செய்தவருள் கிறிஸ்டியன் முதல்வர் அல்லர். எடி டர்ஹாம், ஜோர்ஜ் பார்ன்ஸ் ஆகியோர் 1938ஆம் ஆண்டிலேயே அதனைச் செய்துவிட்டனர். எனின், கிறிஸ்டியனின் சிறப்பு யாது? பலருக்கு மின்சாரம் சத்தத்தைக் கூட்டும் ஒரு வழியாகவே தோன்றிற்று. கிறிஸ்டியனுக்கோ அது ஒரு புதிய குரலாயிற்று. ஓசை தானே பெருகி நிற்பதால், அவர் நரம்பை வலிந்து அடிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சுரத்தையும் தெளிவாகவும் மென்மையாகவும் நிறுத்தி, சக்ஸபோன் போன்று நீண்ட இசை வரிகளை அவரால் தொடுக்க முடிந்தது. தாளத்தைத் தாங்கிப் பின்வரிசையிலே இருந்த கருவி, இவ்வாறு முன்வரிசையிலே வந்து அமர்ந்தது.

1939ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே ஜோன் ஹமொண்ட் என்பவர் ஒக்லஹோமா நகருக்கு வந்தார். செல்வக் குடும்பத்திலே பிறந்த அவர், புதிய இசைக் கலைஞரைத் தேடி நாடெங்கும் திரிந்தவர். பியானோக் கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ் அம்மையார் கூறிய சொல்லை நம்பியே அவர் அங்கு வந்தார். கிறிஸ்டியனின் வாசிப்பைக் கேட்டதும், பெனி குட்மனின் குழுவிலே இவரைச் சேர்த்தேயாக வேண்டுமென்று அவர் உறுதி கொண்டார். குட்மன் அந்நாளிலே அமெரிக்க நடன இசையின் முடிசூடா மன்னர். கிளாரினெற் வாசிப்பிலே இணையற்றவர். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேடையிலே அமர்ந்து வாசிப்பது அரிதாயிருந்த அக்காலத்திலே, ரெடி வில்சன், லயனல் ஹம்ப்ரன் ஆகிய கறுப்பினக் கலைஞர் இருவரைத் தம்முடன் வாசிக்கச் செய்தவரும் அவரே.

ஆனால் மின்சாரக் கிற்றாரிலே குட்மனுக்கு நாட்டமில்லை. கலிபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸ் நகரிலே விக்டர் ஹியூகோ என்னும் உணவகத்தில் அவரது குழு வாசித்து வந்தது. குட்மன் இரா உணவுக்காக எழுந்து சென்ற வேளை பார்த்து, ஹமொண்டும் குழுவின் கலைஞர் ஒருவரும் கிறிஸ்டியனின் ஒலிபெருக்கியை மேடையிலே கொண்டுபோய் வைத்தனர். திரும்பி வந்த குட்மன் சினமுற்றார். ஆயினும் மக்கள் முன்னிலையிலே என் செய்வது! 'ரோஸ் ரூம்' என்னும் பாட்டைத் தொடங்கினார். அப்பாட்டு இப்புதிய இளைஞருக்குத் தெரியாதென்று அவர் எண்ணினார் போலும். கிறிஸ்டியனோ அதனை நன்கறிந்திருந்தார். தம் முறை வந்தபோது அவர் ஒரு சுற்று வாசித்தார், பின் மற்றொரு சுற்று, பின் இன்னுமொன்று. ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. அன்று அந்த ஒரு பாட்டு முக்கால் மணி நேரத்துக்கும் மேலாக நீடித்ததென்று ஹமொண்ட் பிற்காலத்திலே கூறினார். அவ்விரவே குட்மனின் ஐயம் தீர்ந்தது. சில நாட்களுள், குட்மனின் அறுவர் குழுவோடு கிறிஸ்டியனின் கிற்றார் வானொலியிலே நாடெங்கும் ஒலித்தது.

அதே ஆண்டு ஒக்டோபர் 2ஆம் நாள், கொலம்பியா நிறுவனத்துக்காக அறுவர் குழு நியூயோர்க்கிலே முதன்முறையாக இசைத்தட்டுப் பதிவு செய்தது. பதிவான பாடல்களுள் 'ரோஸ் ரூமும்' ஒன்று. உணவகத்திலே முக்கால் மணி நேரம் ஓடிய அப்பாட்டு, தட்டிலே மூன்று நிமிடத்துள் முடிகின்றது. கிறிஸ்டியனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு சுற்று. அக்காலத்து இசைத்தட்டின் இயல்பு அத்தகையது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்திலே ஏறக்குறைய மூன்று நிமிட இசையே அடங்கும். அதற்குள் பாட்டின் தொடக்கமும் முடிவும், அறுவரின் பங்கும் அமைந்துவிட வேண்டும்.

மனோதர்மத்தையே உயிராகக் கொண்ட கலைக்கு இது எத்தகைய நெருக்கடி என்பதை இசை கேட்கும் நேயர்கள் எளிதில் உணர்வர். ஆயினும் அந்நெருக்கடிக்குள் கிறிஸ்டியன் ஆற்றியது வியக்கத்தக்கது. அதே நாளிலே பதிவான 'ஃபிளையிங் ஹோம்', நவம்பர் 22ஆம் நாளிலே பதிவான 'செவன் கம் இலெவன்' ஆகிய தட்டுகளிலே அவர் வாசித்த பகுதிகளைக் கேட்டால், வீணாகச் சென்ற ஒரு சுரமும் இராது. நீண்ட வரியொன்று எழும். எதிர்பார்த்த இடத்திலே முடியாமல் சற்றே தாண்டிச் செல்லும். பின் ஒரு குறுஞ்சொல்லைத் திரும்பத் திரும்பக் கூறித் தாளத்தோடு விளையாடும். இறுதியிலே இயல்பாக வீடு வந்து சேரும். நாடெங்கும் இளைஞர் அத்தட்டுகளை வாங்கி, ஊசியை மீண்டும் மீண்டும் அதே இடத்திலே வைத்து, அவ்வரிகளை மனனம் செய்யலாயினர்.

அவ்வாண்டு டிசம்பர் முதலாம் நாள் 'டவுன் பீட்' என்னும் இசைப் பத்திரிகையிலே கிறிஸ்டியனின் பெயரால் ஒரு கட்டுரை வெளிவந்தது. தாளத்துக்கு மட்டும் பயன்பட்டுவந்த கிற்றார்க் கலைஞர்களை விழித்தெழுமாறு அழைத்த கட்டுரை அது. கிறிஸ்துமசுக்கு முதல் நாள் இரவு, நியூயோர்க்கின் புகழ்பெற்ற கார்னகி மண்டபத்திலே ஹமொண்ட் நடத்திய கச்சேரியிலும் கிறிஸ்டியன் வாசித்தார். ஒக்லஹோமாவின் வீட்டு வாயில்களிலே தந்தையாரோடு நின்ற சிறுவன், இருபத்து மூன்று வயதிலே அந்த மேடைக்கு வந்து சேர்ந்தார்.

1941ஆம் ஆண்டின் தொடக்க மாதங்கள் அவருடைய பதிவுகளுக்கு வளமான காலம். பெப்ரவரி 5ஆம் நாள் எட்மன்ட் ஹால் என்னும் கிளாரினெற் கலைஞரோடு அவர் நால்வர் குழுவிலே வாசித்தார். அன்று அவர் கையிலிருந்தது மின்சாரமில்லாத சாதாரணக் கிற்றார். புளூ நோட் நிறுவனத்தார் பன்னிரண்டு அங்குலத் தட்டைப் பயன்படுத்தினமையால், வாசிப்போருக்கு மேலும் ஒரு நிமிடம் வாய்த்தது. மார்ச் 4ஆம் நாள் குட்மனின் பெருங்குழு முழுவதும் பின்னணியாய் நிற்க, கிற்றாரையே நாயகனாகக் கொண்ட 'சோலோ ஃபிளைட்' பதிவாயிற்று. அந்தத் தட்டு வெளிவந்தபோது கிறிஸ்டியன் உயிரோடு இல்லை.

மார்ச் 13ஆம் நாள் நிகழ்ந்தது தனிச் சிறப்புடையது. பதிவு நிலையத்துக்குக் குட்மன் வந்து சேரவில்லை. காத்திருந்த கலைஞர் தம் உவகைக்காக வாசிக்கத் தொடங்கினர். பதிவு செய்வோர் தம் கருவியை ஓட விட்டிருந்தனர். கட்டுப்பாடு ஏதுமின்றிக் கிறிஸ்டியன் வாசிப்பதை அதிலே கேட்கலாம். 'வெயிற்றிங் ஃபோர் பெனி' என்று பின்னர் பெயரிடப்பட்ட அப்பதிவு, விற்பனைக்காகச் செய்யப்பட்டதன்று. தற்செயலாய் எஞ்சிய ஒன்று, திட்டமிட்டுச் செய்த பலவற்றிலும் அருமையுடையதாயிற்று.

இதனினும் பெரிய தற்செயல் ஒன்றும் நிகழ்ந்தது. நியூயோர்க்கின் ஹார்லம் பகுதியிலே, 118ஆம் தெருவில், மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்னும் விடுதி இருந்தது. பெரிய குழுக்களிலே ஊதியத்துக்காக வாசித்து முடித்த கலைஞர் நள்ளிரவுக்குப் பின் அங்கே கூடித் தம் மனம்போல் வாசிப்பர். கெனி கிளார்க் முரசிலும், தெலோனியஸ் மங் பியானோவிலும் புதுமைகளை முயன்று பார்த்த களம் அது. குட்மனின் மேடையிலிருந்து இறங்கிய கிறிஸ்டியன் நேரே அங்கு செல்வார். அவருக்கென்று ஓர் ஒலிபெருக்கி அங்கேயே வைக்கப்பட்டிருந்தது.

கொலம்பியாப் பல்கலைக்கழக மாணவர் ஜெரி நியூமன், தட்டிலே ஒலியைப் பதிக்கும் சிறு கருவி ஒன்றை விடுதிக்குச் சுமந்து செல்லும் வழக்கமுடையவர். 1941 மே மாதத்திலே அவர் பதிந்த தட்டுகளிலேதான், மூன்று நிமிட எல்லையைக் கடந்த கிறிஸ்டியனை உலகம் இன்று கேட்கின்றது. ஒரு பதிவிலே கருவி ஓடத் தொடங்கும்போதே கிறிஸ்டியன் தமது வாசிப்பின் நடுவே நிற்கின்றார். அதற்கு முன் அவர் வாசித்தது எத்தனை சுற்று என்பதை இனி எவரும் அறியப்போவதில்லை. அதன் பின்னரோ சுற்றுக்குமேல் சுற்றாக அவர் கற்பனை பெருகிச் செல்கின்றது. கிளார்க்கின் முரசு இடையிடையே எதிர்பாராத அடிகளால் வினவ, கிற்றார் விடை கூறுகின்றது. அப்பாட்டு எடி டர்ஹாம் பங்குகொண்டு இயற்றிய 'ரொப்சி' என்பதாகும். தட்டு வெளிவந்தபோது அதற்கு 'ஸ்விங் ரு பொப்' என்று வேறு பெயர் சூட்டப்பட்டது. பழைய நடன இசையிலிருந்து பீபொப் என்னும் புதிய இசை பிறக்கும் தறுவாயை அது காட்டுகின்றது என்பதே அப்பெயரின் கருத்து.

ஆயின் அந்த இரவுகள் நீடிக்கவில்லை. காசநோய் அவர் நெஞ்சிலே முன்னரே குடிகொண்டிருந்தது. நாள் முழுதும் பயணம், இரவு முழுதும் இசை, உறக்கமின்மை ஆகியன அந்நோய்க்குத் துணை நின்றன. 1941ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே அவர் குழுவை விட்டு நீங்கி, நியூயோர்க்கைச் சேர்ந்த ஸ்ரற்றன் தீவிலே சீவியூ மருத்துவ நிலையத்தில் சேர்க்கப்பட்டார். காசநோயைத் தீர்க்கும் மருந்து அன்று உலகிலே இல்லை. ஓய்வும் உணவும் நல்ல காற்றுமே மருந்தாகக் கொள்ளப்பட்டன. 1942ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் அவர் அங்கே உயிர் நீத்தார். பிறந்த ஊராகிய பொன்ஹாமிலே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் மறைந்த மறுவருடமே, 1943இல், ஸ்ரெப்ரோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1950களின் தொடக்கத்திலே ஐசோனியசிட் என்னும் மருந்தைக் காசநோயாளருக்குக் கொடுத்துப் பெருவெற்றி கண்ட மருத்துவ நிலையங்களுள், கிறிஸ்டியன் உயிர் நீத்த அதே சீவியூவும் ஒன்று. பத்தாண்டு பிந்திப் பிறந்திருந்தால் அவர் பிழைத்திருக்கக் கூடும். வரலாறு இத்தகைய எண்ணங்களுக்கு விடை கூறுவதில்லை.

இருந்தும், எஞ்சிய தட்டுகள் தம் பணியைச் செய்தன. நியூமனின் மின்டன்ஸ் பதிவுகள் 1940களின் பிற்பகுதியிலே விற்பனைக்கு வந்தன. நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு வழக்கிற்கு வந்தபின், கொலம்பியா நிறுவனத்தார் தம் களஞ்சியத்திலே கிடந்தவற்றைத் தேடி எடுத்தனர். 1955ஆம் ஆண்டிலே வெளியிட்ட தட்டொன்றிலே, 'பிரெக்ஃபஸ்ற் ஃபியூட்' என்னும் ஒரே பாட்டைப் பலமுறை பதிந்தபோது கிறிஸ்டியன் வெவ்வேறாக வாசித்த பகுதிகளை அவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிச் சேர்த்திருந்தனர். பழைய தட்டு மறுத்த இடத்தை அவருக்கு அளிக்க அவர்கள் மேற்கொண்ட வழி அது. கார்னகி மண்டபக் கச்சேரியின் பதிவு 1959ஆம் ஆண்டிலே வெளிவந்தது.

இன்டியனாபொலிஸ் நகரத்து இளைஞர் வெஸ் மொன்ற்கோமரி, ஆசிரியர் எவருமின்றி, கிறிஸ்டியனின் தட்டுகளைச் செவியாலே கேட்டுக் கிற்றார் பயின்றார். அத்தட்டுகளிலுள்ள வாசிப்பை அப்படியே வாசித்துக் காட்டுவதே அவருக்குக் கிடைத்த முதல் வேலையாயிருந்தது. பின்னாளிலே அவரும் உலகப் புகழ் பெற்றார். ஒக்லஹோமாவிலே பிறந்த பார்னி கெசல், கறுப்பின மக்களின் புளூஸ் இசையிலே ஓங்கி நின்ற பி. பி. கிங் ஆகியோரும் கிறிஸ்டியனைத் தம் முன்னோடியாகப் போற்றினர். 1966ஆம் ஆண்டிலே 'டவுன் பீட்' பத்திரிகை தன் புகழ்மிக்கோர் வரிசையிலே அவரைச் சேர்த்தது. 1990ஆம் ஆண்டிலே ரொக் இசையினரும் தம் முன்னோருள் ஒருவராக அவரை ஏற்றுக்கொண்டனர்.

வணிக நிறுவனம் அவருக்கு அளந்து கொடுத்தது சில மூன்று நிமிடங்களை. அவற்றாலே அவர் பெயர் நிலைத்தது. ஆனால் அவர் கலையின் முழு அகலத்தையும் நமக்குக் காத்துத் தந்தவை வேறு. கலைஞர் காத்திருந்தபோது ஓடிக்கொண்டிருந்த ஒரு பதிவுக் கருவியும், மாணவர் ஒருவர் தோளிலே சுமந்து சென்ற ஒரு சிறு பெட்டியும் அவற்றுள் தலையாயவை. அவை இல்லையெனில், ஹார்லத்தின் அந்த இரவுகள் அங்கு அமர்ந்திருந்த சிலரின் நினைவோடு அழிந்திருக்கும். ஒலியைப் பதிந்து பேணுவது கலைக்குச் செய்யும் எத்துணைப் பெரிய தொண்டு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. நடுவிலே தொடங்கும் அந்த மின்டன்ஸ் தட்டு இன்றும் சுழல்கின்றது. இருபத்து நான்கு வயதுக் கலைஞர் அதிலே இன்னும் வாசித்துக்கொண்டிருக்கின்றார்.